நாற்பத்தேழாம் நம்பர்

"ரெலிபோன் வந்தாப் போதும் தம்பி, இது தன்பாட்டில ஓடி ஊதத் தொடங்கிடும்," என்றார் கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர்.

தரையில் சம்மணமிட்டிருந்த சிவானந்தன், முழங்கை நீளமிருந்த அந்தக் கறுப்பு எஞ்சினைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, டொக்டர் மாதிரித் தலையாட்டினான். ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த வெள்ளவத்தையில் தன் கைபடாத ரேடியோ இல்லை என்பது அவன் எண்ணம். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வேறு எண்ணம்.

கொட்டாஞ்சேனையில் இருந்த அந்த வீட்டு ஹோலைச் சுற்றித் தண்டவாளம் போட்டிருந்தது. மேசைக்குக் கீழே போய், அலுமாரியை வளைந்து, சாய்மனைக் கதிரையில் கிடந்த ரீச்சரின் கணவர் பேர்னாட்டின் காலடியால் திரும்பி வந்தது. அவருடைய தம்பி ஜெர்மனியிலிருந்து அனுப்பிய விளையாட்டு ரயில். ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், வாதம் விழும்வரை அதைப் பிள்ளை போலக் கொஞ்சினார். இப்போது ஐந்து மாதமாகக் கைகால் அசைவதில்லை, பேச்சுமில்லை. கண் மட்டும் திறந்திருக்கும். "ஆளுக்கு ஒண்டும் விளங்காது" என்று பெரிய டொக்டரே கையை விரித்துவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை ஹியூபேட் எண்டு ஒருத்தர் பொரளையில இருந்து இதை வாங்க வாறார். அவருக்கு முன்னால இப்பிடிப் பேயாட்டம் ஆடினா வாங்குவாரே? திங்கள் இவரை சிஸ்டர்மாரின்ர இல்லத்தில விடவேணும். செவ்வாய் நான் கனடாவுக்கு. மகள் பிறிஜெற் ரிக்கெற்றும் அனுப்பிட்டாள்."

"சேரைத் தனிய விட்டிட்டோ?"

"எனக்கென்ன விருப்பமே? போன கிழமை மட்டும் ரெண்டு தரம் ரவுண்டப், ஆமி வீடுவீடாப் பூந்து சோதிச்சது. முந்தநாள் இது ஊதின சத்தத்துக்கு சென்றியில நிக்கிற ஆமிக்காரனே வந்து எட்டிப் பாத்திட்டுப் போனவன். பயத்தில நித்திரையில்லை தம்பி. இவருக்கு நான் இருக்கிறதும் தெரியாது, போறதும் தெரியாது." ரீச்சர் வயிறெரிந்துதான் சொன்னார்.

சிவானந்தன் பழைய டிகோடரைக் கழற்றினான். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ரிமோட்டில் சொல்வதைக் கேட்டு எஞ்சினை ஓட வைப்பதும் ஊத வைப்பதும் அதுதான். புதியதைச் சிங்கப்பூரிலிருந்து ஆள் பிடித்து எடுப்பித்திருந்தான். வயர்கள் தொங்கும் அதைப் பார்த்துவிட்டு, "மேக மொகக்த?", இது என்ன, என்று சிங்களத்தில் கேட்டு, காலையில் ஆமி செக்பொயின்ற்றில் அரைமணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். விளையாட்டு ரயிலின் மூளை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"ரெலிபோனுக்கு ஏன் இது குழம்புது?"

"டிகோடர் பழுதானா அப்பிடித்தான் ரீச்சர். உங்கட ரெலிபோன், ஹார்பரில நேவிக்காரன்ர வயர்லெஸ் எண்டு எல்லாச் சிக்னலும் உள்ளுக்குப் பூந்து விளையாடும்."

"பெட்டியில ரெண்டு ரிமோட் இருந்தது. ஒண்டைத் தேடாத இடமில்லை."

"ஓடுறதுக்கு ஒண்டே போதும்."

வயர்களை ஈயம் வைத்து ஒட்டி, மூடியைத் திருகி, எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தான்.

"பழைய நம்பர் மூண்டு. ஃபக்டரியில எல்லாத்துக்கும் போடுற நம்பர். அதை மாத்திட்டன். இனி ரிமோட்டில முதல்ல நாற்பத்தேழு அடிக்கவேணும். அடிக்காட்டி அசையாது."

தெருவில் லொறியொன்று இரைந்துகொண்டு போனது.

"எத்தினை?"

"நாற்பத்தேழு!" என்று ஹோல் அதிரச் சொன்னான்.

நம்பரை அடித்தான். எஞ்சின் ஒரு சுற்றுப் போய் வந்து, ஒருமுறை ஊதி, அடக்கமாக நின்றது. பிறகு தன் கைபேசியிலிருந்து அந்த வீட்டு நம்பருக்கே அழைத்தான். ரெலிபோன் நாலைந்து தரம் அடித்து ஓய்ந்தது. எஞ்சின் அசையவில்லை.

"பாத்தீங்களே ரீச்சர்?"

ரீச்சர் மகிழ்ந்துபோய்த் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். பாதி குடிக்கும்போது மறுபடியும் ரெலிபோன். இந்தமுறை பிறிஜெற். அப்போதும் எஞ்சின் அசையவில்லை. சிவானந்தன் கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

"ஓம் பிள்ளை, எல்லாம் சரி. அப்பாவைத் திங்கள் காலமை இல்லத்தில விட்டிட்டு…"

எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கிப் புறப்பட்டது. மேசைக்குக் கீழே புகுந்து, அலுமாரியை வளைந்து, வீடே அதிர ஊதியது.

தேநீர் சிவானந்தனுக்குப் புரையேறியது. ரிமோட் அவன் மடியில் சும்மா கிடந்தது. புது டிகோடரும் பழுதா? வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. சமாதானமாக எதையாவது சொல்ல வாயெடுத்தவன் மடியிலிருந்த ரிமோட்டைக் குனிந்து பார்த்தான்.

நேவிக்காரனின் சிக்னலுக்கு நாற்பத்தேழு எப்படித் தெரியும்? அந்த நம்பரைப் போட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இந்த ஹோலுக்குள் இருந்து காதால் கேட்டவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாதே.

எஞ்சின் சாய்மனைக் கதிரைக்கு முன்னால் வந்து நின்று, விடாமல் ஊதியது. சிவானந்தன் மெல்ல எழுந்துபோய், பேர்னாட்டின் இடப்பக்கம் செருகியிருந்த தலையணையை விலக்கினான்.

காணாமல் போயிருந்த ரிமோட் அங்கே இருந்தது, திரையில் நாற்பத்தேழு. ஊதல் பட்டனிலிருந்து பெருவிரலை எடுக்காமல், ரெலிபோனும் கையுமாக நின்ற மனைவியையே பார்த்து அழுதுகொண்டிருந்தார் பேர்னாட்.