எலுமிச்சைப் பூ வாசனை

ஒரு கூட்டில் அக்காளும் தங்கையுமாக இரண்டு தேனீக்கள் இருந்தன. எலுமிச்சைப் பூவுக்குள் பதுங்கியிருந்த சிலந்தி ஒருமுறை அக்காளின் காலைப் பிய்த்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வாசனை வந்தாலே அவள் கூட்டின் மூலையில் ஒடுங்கிவிடுவாள்.

அந்தக் கோடையில் மற்றப் பூக்களெல்லாம் கருகிப்போயின. எலுமிச்சை மட்டும்தான் பூத்தது. அக்காள் பட்டினி கிடந்தாள்.

"தேன் எப்படி மணக்குது பாரு. வாயேன் அக்கா," என்றாள் தங்கை.

"எனக்குச் சிலந்திதான் மணக்குது. நீயும் போகாதேடி."

தங்கை கேட்கவில்லை. போய் வயிறு நிறையக் குடித்துவந்து, தேனீக்களின் வழக்கப்படி தன் வாயிலிருந்தே அக்காளுக்கு ஊட்டினாள். தங்கையின் வாயெல்லாம் எலுமிச்சைப் பூ மணந்தது. அக்காள் நடுங்கிக்கொண்டே குடித்தாள். மறுநாளும் தங்கை ஊட்டினாள், அன்று அக்காளின் நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அதற்கடுத்த நாள் போன தங்கை திரும்பவில்லை.

பொழுது சாயும்போது காற்று திசை மாறி, எலுமிச்சைப் பூ வாசனை கூட்டுக்குள் நுழைந்தது. அக்காளுக்கு இல்லாத கால் நடுங்கியது. ஆனால் நாக்கு தானாக வெளியே நீண்டது.

"வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அவள் வாசலுக்கு நொண்டி ஓடினாள்.