கழலாத மோதிரம்

திருப்பதி நகைக்கடையில் தாட்சாயணி விரலை நீட்டினாள். "இந்த மோதிரத்தைக் கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்கண்ணா. கழலவே மாட்டேங்குது."

கடைக்காரர் கோவர்த்தனன் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொக்கிப்போனார். "பிளாட்டினம்மா! நூறு வருசத்து லேஸ் டிசைன். அதுக்கப்புறம் வந்த டிசைனெல்லாம் கட்டம் கட்டமாத்தான் இருக்கும். இதுல கம்பிய நூலாட்டம் எப்படி இழுத்திருக்கான் பாரு! லூஸ் பண்ணா எங்கயாவது விழுந்துடும்மா."

"விழணும் அண்ணா."

"எங்க?"

"மலையில, உண்டியல்ல. எம்பொண்ணு ஆபரேஷன்ல பொழச்சா, போட்டுக்கினு இருக்கிற நகையெல்லாம் போடறதா வேண்டிக்கினேன். பொழச்சுட்டா. மத்ததெல்லாம் கழலுது, இது மட்டும் வரல."

கோவர்த்தனன் விரலில் நூலைச் சுற்றி, மோதிரத்தை மெல்ல உருவினார். ஆனால் திருப்பித் தரவில்லை.

"இரும்மா, பாலிஷ் போட்டுத் தரேன். பெருமாள் கைக்குப் போறது பளபளன்னு போகட்டும்."