பென்சில் குறி

வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

காகிதத்தைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்திருந்தாள். கைவியர்வை பட்டு எழுத்து அழிந்துவிடுமோ என்று பயம்.

பயத்தைவிட ஆத்திரம் அதிகம்.

எம்.எல்.ஏ. அலுவலகச் சுவரில் பெரிய படம். மாலையும் கழுத்துமாகப் பால்துரை. ஓரத்தில் கைகூப்பியபடி அவளும் இருக்கிறாள். தேர்தல் மேடையில் எடுத்தது. "இந்தத் தங்கச்சிக்கு நியாயம் கெடைக்காம ஓயமாட்டேன்" என்று மைக்கில் முழங்கிய நாள்.

அப்போது அவர் வெறும் வக்கீல். அவளுடைய வக்கீல்.

கல்குவாரியில் எச்சரிக்கைச் சங்கு ஊதாமல் வெடி வைத்தார்கள். பாறை சரிந்து அவள் புருஷன் செத்தான். குடித்துவிட்டு அங்கே படுத்துக் கிடந்தான் என்று குவாரிக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

சாராய வாடையே ஆகாது அவனுக்கு.

அதை ஒரு நீதிபதி வாயால் சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்த வழக்கைச் சொல்லித்தான் பால்துரை ஊர் ஊராகப் பேர் வாங்கினார். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி. கடந்த பிறகு, வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகத் தூங்குகிறது. போன மாதம் குவாரி முதலாளி மகள் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்ததே இவர்தான்.

பாளையங்கோட்டையில் வேறொரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள். சின்னப் பெண்.

"பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டாத்தான்க்கா நான் ஆஜராக முடியும்."

அதற்கான காகிதத்தில் கையெழுத்து விழவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தாள்.

பால்துரை போடமாட்டார். போட்டால் வழக்கு விழித்துக்கொள்ளும்.

அதனால் பஸ்ஸிலேயே வசவுகளை நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். "நீ நல்லாருப்பியால" என்பதில் தொடங்கி.

"அடுத்து."

அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நிமிராமலே கையை நீட்டினார். காகிதத்தை வாங்கி, மேலே ஓரத்தில் 'ஆவன செய்க' என்று பச்சை மையில் எழுதினார். ரேஷன் கடைக்கும் தெருவிளக்குக்கும் எழுதுகிற அதே இரண்டு சொல்.

பிறகு பேனா கீழே இறங்கியது. கண் பார்க்காமலே கை பென்சில் குறியைக் கண்டுபிடித்தது. வக்கீல் கை அல்லவா.

கையெழுத்து.



மற்ற மனுக்களோடு சேர்ப்பதற்காக உதவியாளர் காகிதத்தை எடுத்தார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

வந்த காரியம் முடிந்தது. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

மனுஷன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே. செத்தவன் பேரைப் படிக்கவில்லையே. வழக்கைப் பிடித்துவைத்திருக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தாள். அதுகூட இல்லை. மறந்தே போயிருக்கிறார்.

அடுக்கி வைத்த வசவைக் கொட்டத்தான் வாயைத் திறந்தாள். வாயில் வந்தது வேறு.

"சார்."

நிமிர்ந்தார்.

"மொதமொதல்ல உங்க ஆபீஸ்ல கையெழுத்துப் போட வந்தப்போ என்ன சொன்னீங்க? படிக்காம எதுலயும் போடாத தங்கச்சின்னு சொன்னீங்கல்லா."

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பாதியில் நின்றது. போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"அந்தப் பேப்பரக் குடும்மா, பாப்போம்."

நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

யாரும் தடுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் எப்படித் தடுப்பது?

வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அடுத்த ஆளின் மனு மேஜை மேல் இருந்தது. அதன் மேல் பச்சைப் பேனா அசையாமல் நின்றது.

வரிசை நகரவே இல்லை.