இரண்டு தட்டு தொர்தெல்லினி

"இது என்ன, தலையணையா?"

மொரேனாவின் முன்னால் இருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள் ஆர்ஜியா. கிறிஸ்துமஸ் சூப்பில் போடுவதற்காக, இறைச்சி வைத்து மடித்த தொர்தெல்லினி. இத்தாலியின் பொலோஞ்ஞாவில் அது சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்க வேண்டும். இது பெருத்து, வாய் பிளந்து கிடந்தது.

"மருமகளா வந்து இத்தனை வருஷமாச்சு. இன்னும் மடிக்க வரல. அக்கா தட்டைப் பாரு, மணி மணியா இருக்கு."

மொரேனா மேசையைத் துடைத்தாள். அவள் மாமியாரும் ஆர்ஜியாவின் அக்காவுமான இனேஸ் ஏப்ரனுக்குள் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"போன வருஷம் கரண்டி பிடிக்க முடியலன்னு அழுதியே அக்கா. இப்போ இப்படி மடிக்கிறியே, எல்லாம் மூட்டுவலிக்கு இவ வாங்கிக் குடுத்த அந்தக் கஞ்சா எண்ணெய் வேலைதானே? போதை மருந்தை வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டாளேன்னு இவளை எவ்வளவு திட்டினேன்."

"போதையெல்லாம் இல்ல," என்றாள் இனேஸ். "சின்ன வயசுல நாரெடுக்க நாம குளத்துல ஊறப்போட்ட அதே செடிதான்."

"அந்தத் தண்ணியில நின்னுதானே நம்ம கைகாலெல்லாம் போச்சு. இப்போ அதுவே திருப்பிக் குடுக்குது. உன் மருமகளுக்கும் கொஞ்சம் குடு. அவ விரலுக்குத்தான் ரொம்ப அவசியம்."

மொரேனா லேசாகச் சிரித்தாள்.

ஆர்ஜியா பையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள். "எனக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் குடு, மொரேனா. இனிமே இந்தக் கருமமெல்லாம் வேண்டாம்."

"ஐயோ சித்தி, அதுல ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை இருக்கு. அதை நிறுத்தக் கூடாது. எண்ணெய் அதோட ஒத்துக்குமான்னே முதல்ல டாக்டர்கிட்ட கேக்கணும். அத்தைக்கே இன்னும்..."

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அத்தைக்கு என்ன? அதான் தட்டு சாட்சி சொல்லுதே." ஆர்ஜியா டப்பாவைக் குப்பைக்கூடைக்கு மேலே நீட்டினாள்.

இனேஸ் எழுந்து வந்தாள். ஏப்ரனுக்குள்ளிருந்து வந்த வீங்கிய, கோணிப்போன விரல்கள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தன.

"ராத்திரி கொஞ்சம் தூக்கம் வருது, ஆர்ஜியா. அவ்வளவுதான். விரல் மடங்கல."

"அப்போ உன் தட்டு?"

"அது மொரேனா மடிச்சது. அந்தத் தலையணையெல்லாம் என்னுது."