மோதாத சாவி

"என் பேர மட்டும் இன்னாத்துக்கு சார் இது துப்புது?" ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டார் பீம்ராவ்.

எண்ணூரில் அது ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் ஆபீஸ். ராயபுரம் யார்டையும் இதையும் ஒரே கம்பெனி வாங்கிவிட்டது. இரண்டு இடத்து லோடுமேன்களையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றிப் புது பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ் இல்லாதவனுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

கம்ப்யூட்டர்காரர் ஸ்டானிஸ்லாஸ் பொறுமையாக விளக்கினார். இரண்டு யார்டிலும் ஒன்றிலிருந்துதான் நம்பர் போட்டிருக்கிறார்கள். சேர்த்தால் ஒரே நம்பரில் இரண்டு பேர் நிற்பார்கள். அதுவும் இல்லாமல் அங்கே இருப்பது ஒரு ஜாதி கம்ப்யூட்டர், இங்கே வேறு ஜாதி. இது கொடுத்த நம்பர் அதற்குத் தெரியாது.

"அதுலயும் ஜாதியா?" என்று வரிசையில் ஒருவர் கேட்க, பின்னால் சிரிப்பு.

அதனால் நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெயரையும் பிறந்த தேதியையும் ஒட்டி, ஆளை அடையாளம் காண ஆளுக்கொரு சாவி செய்திருந்தார் ஸ்டானிஸ்லாஸ். மெட்ராஸே திரண்டு வந்தாலும் ஒருவன் சாவி இன்னொருவன் சாவியோடு மோதாது என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்லியும் இருந்தார்.

செக்யூரிட்டி ஆபீசர் ராசையா பீம்ராவை மேலும் கீழும் பார்த்தார்.

"இதே பேரு, இதே தேதி முன்னாடியே ஏறியிருக்கு. ரெண்டு யார்டுலயும் பேர் குடுத்து ரெண்டு பாஸ் வாங்கப் பாக்குற. ஒத்துக்கிட்டுக் கிளம்பு, போலீஸ் வேணாம்."

பீம்ராவ் அசரவில்லை. "அந்த ஆள இட்டுக்கினு வா சார். மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கலாம்."

அப்படி ஒருத்தன் இருந்தால்தானே வர என்று ராசையா முணுமுணுத்தார். ஸ்டானிஸ்லாஸுக்கும் அதில் சந்தேகமில்லை. மைக்கை எடுத்தார்.

"பீம்ராவ். பிறந்த தேதி ஏப்ரல் பதினாலு, அறுபது. ஜன்னலுக்கு வரவும்."

கன்டெய்னர் நிழலில் குந்தியிருந்த வியாசர்பாடி லோடுமேன் கூட்டத்திலிருந்து ஐந்து பேர் எழுந்து வந்தார்கள்.

ஸ்டானிஸ்லாஸ் மைக்கை வைத்துவிட்டு ஐந்து பேரின் பழைய பாஸையும் வாங்கிப் பார்த்தார்; எல்லாவற்றிலும் அதே தேதி.

"வருசம் மேஸ்திரி குத்துமதிப்பா போட்டது சார்," என்றார் பீம்ராவ். "நாளு நாங்களே போட்டுக்கினது. பீம்ராவ்னு சட்டம் எழுதுனவரு பேர வெச்சுக்கினு வேற எந்த நாள்ல சார் பொறக்கறது?"