புதிதாகச் சேர்ந்தவள்

மாடியில் குழந்தைகளுக்கு நடனம் சொல்லித்தரும் சுகிர்தாவிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகள் நிலைப்பதே இல்லை. முதல் நாள் அழுவார்கள், மறுவாரம் வரமாட்டார்கள். அதனால் அன்று வந்த ஆறு வயது வர்ணிகாவைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். குழந்தை அழவே இல்லை. பாதம் சிவக்கச் சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தது. வகுப்பு முடியும் நேரத்தில் அதன் அப்பா வாசலில் வந்து நின்றார். தட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. வர்ணிகா சுகிர்தாவின் துப்பட்டாவை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"நான் இங்கயே இருந்துக்கறேன் மிஸ். சத்தமே போடமாட்டேன்."

காத்திருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். "மொத நாளே மிஸ்கிட்ட இப்படி ஒட்டிக்கிச்சே!" என்றாள் ஒருத்தி. அப்பாவும் சிரித்தார்.

"அடம் பிடிக்காத கண்ணு. மிஸ்ஸுக்கு வேற வேலை இருக்கும்ல?"

சுகிர்தா குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை பேர் நடுவில் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில்லிட்டிருந்த அந்த விரல்களை அவளேதான் ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"நாளைக்கும் கூட்டிட்டு வாங்க சார். புதுசா சேர்ந்தவங்களுக்குத் தனி கிளாஸ் இருக்கு."

அப்படியொரு வகுப்பு கிடையாது.

"பார்க்கலாம் மேடம்" என்றபடி அவர் குழந்தையின் பிடரியில் கை வைத்தார். வர்ணிகாவின் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. கடைசிப் படியைத் தாண்டித் தெருவுக்குப் போகும்வரை அவை இறங்கவே இல்லை.