ஹபீபுல்லாவின் படகு

சார்ஜண்ட் தங்கராஜு ஆற்றுச் சரிவில் இறங்கி வருவதைப் பார்த்தும் சாமிநாதன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

படகு வாங்க வந்திருந்த ஜமாலுதீன்தான் பேச்சை நிறுத்தினார். மலாக்கா டவுனில் கருவாட்டு வியாபாரி அவர். கோலா லிங்கியிலிருந்து சரக்கு ஏற்றிவர ஒரு சின்ன மோட்டார் படகு தேடிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையைக் கண்டதும் இரண்டடி தள்ளி நின்றார், படகுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல.

அந்த லூபோக் சீனா ஊரில் எல்லாரும் அப்படித்தான் தள்ளி நின்றார்கள்.

ஹபீபுல்லாவைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து அவருடைய படகு லிங்கி ஆற்றுச் சேற்றில் பாதி மூழ்கிக் கிடந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி கொடுத்தார் என்று புகார். ஊரடங்கு அன்று, ஆளோ வண்டியோ அசையாத நேரத்தில், தனியாக ஆற்றின் மேல்பக்கம் போனார்; ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தார். காட்டுக்காரர்களுக்கு வேண்டியவராக இல்லாவிட்டால் எப்படித் திரும்பியிருப்பார்?

அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது. வழக்குமில்லை, விசாரணையுமில்லை. வடக்கே ஒரு தடுப்பு முகாமில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

முகாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மனைவி ஹஃபீஸா, கணவர் சொல்லியனுப்பியதைச் சாமிநாதனிடம் வந்து சொன்னாள். படகை விற்றுப் பிள்ளைகளுக்கு வழி பார்க்க வேண்டும். சாமியிடம் சொன்னால் போதும், அவன் செய்வான்.

சாமிநாதன் எஸ்டேட் ரப்பர் ஆலையில் இன்ஜின் பார்ப்பவர். படகை மேலே இழுக்க நாலு பேரைக் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. கப்பி கட்டி ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டார்.

ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் மறைவாக வைத்துச் செய்யச் சொன்னார் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி. அதைத் தொடுகிறவன் பெயரும் போலீஸில் ஏறிவிடும் என்று பயமுறுத்தினார்.

“ஏறட்டுமே” என்றார் சாமிநாதன்.

போலீஸ் ஸ்டேஷன் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற இடத்தில்தான் படகைப் போட்டார். பட்டப்பகலில் உளுத்த பலகைகளைப் பெயர்த்தார். விரிசல்களில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசினார். துருவேறிக் கிடந்த இன்ஜினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மறுபடி பூட்டினார். முன்பக்கத்தில் மங்கிக் கிடந்த ஹபீபுல்லாவின் பெயருக்குப் புதிதாக வெள்ளை பெயிண்ட் அடித்தார். கொட்டை கொட்டையாக.

படகின் குறைகளை ஜமாலுதீனிடம் அவர் மறைக்கவில்லை. இடதுபக்கம் லேசாகச் சாயும், மழை நாளில் இன்ஜின் முரண்டு பிடிக்கும் என்றெல்லாம் சொல்லிவிட்டார்.

ஒன்றே ஒன்றைத் தவிர.

சார்ஜண்ட் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பூட்ஸ் காலால் படகைத் தட்டினார்.

“யாரு போட்டு இது?”

“ஹபீபுல்லா போட்டு.”

“அவன்தான் உள்ள இருக்கானே.”

“போட்டு வெளிய இருக்குல்ல, சார்.”

சார்ஜண்ட் ஜமாலுதீன் பக்கம் திரும்பினார். “பாய், தெரிஞ்சுதான் வாங்குறீங்களா? ஊரடங்கு அன்னிக்கு இதுலதான் அரிசி மூட்டை போயிருக்கு.”

ஜமாலுதீன் இன்னும் ஓரடி பின்னால் போனார். சார்ஜண்டுக்கு அது போதவில்லை.

“நீ அவன் கூட்டாளிதானே? சொல்லு. அன்னிக்கு இந்த போட்டுல என்ன இருந்துச்சு?”

சாமிநாதன் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சார்ஜண்ட் திருப்தியாகப் போயிருப்பார். பயம் தெளிந்ததும் ஜமாலுதீன் விலையைக் குறைத்தாவது வாங்கியிருப்பார். உண்மையைச் சொன்னால் இவர் மட்டுமல்ல, இந்த ஆற்றில் ஒருவருமே வாங்க மாட்டார்கள்.

“போறப்ப ஒண்ணும் இல்ல” என்றார். “வர்றப்ப எம்மவன் இருந்தான்.”

ஸ்பேனரால் படகின் அடிப்பலகையைச் சுட்டிக்காட்டினார்.

“சேகரன். மேல் எஸ்டேட்டுல ரப்பர் மரத்துல பால் வெட்டிக்கிட்டிருந்தவன். போலீசும் காட்டுக்காரங்களும் சுட்டதுல நடுவுல மாட்டிக்கிட்டான். யாரு குண்டுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல. ரோட்டை அடைச்சிட்டீங்க. ஒரு லோரிகூட வரல. பொணம் வெயில்ல கெடந்துச்சு. நான் யாரையும் போகச் சொல்லல, சார். ஹபீபுல்லா அவனா போனான்.”

சேகரனின் தலை பலகையில் இடிபடாமல் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி ஹபீபுல்லா கரை சேர்ந்ததை எஸ்டேட்டே பார்த்தது. போலீஸ் அவரைப் பிடித்தபோது ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சாமிநாதன் மட்டும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவன் ஏதோ பேசுகிறான் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் ஜமாலுதீனைப் பார்த்தார்.

“பொணம் ஏறுன போட்டு, பாய். ஒங்ககிட்ட சொல்லாம மறைச்சது இது ஒண்ணுதான். வேணாம்னா போயிருங்க. ஆனா ஹபீபுல்லா அரிசி ஏத்தலன்னு போற எடமெல்லாம் சொல்லிட்டுப் போங்க.”

ஜமாலுதீன் செருப்பைக் கரையில் கழற்றி விட்டுவிட்டு, சார்ஜண்டைத் தாண்டி வந்து, படகுக்குள் கால் வைத்தார்.

“இன்ஜினப் போடுங்கண்ணே” என்றார்.

சாமிநாதன் கயிற்றைச் சுற்றி ஓங்கி இழுத்தார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் சார்ஜண்ட் என்னவோ கத்தினார்.

சாமிநாதன் திரும்பிப் பார்க்கவில்லை.